படிக்காமல் விட்ட வரி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பில் அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது. கரண்ட் பில் முதல் மாத்திரை அட்டை வரை நான்தான் படித்துச் சொல்வேன். அம்மா மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொள்வாள்.

அம்மா சித்தாள். அப்போது முடிச்சூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் மணல் சுமந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து கைகால் கழுவியதும், தட்டு நிறையச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவாள். பிறகு அதே அளவு இன்னொரு தடவை.

ஒருநாள் நோட்டு வாங்க வந்த வகுப்புத் தோழி அதைப் பார்த்துவிட்டாள். “உங்கம்மா இவ்ளோ சாப்டுவாங்களா?” என்று வாசலில் என்னிடம் கேட்டாள். கேலிகூட இல்லை, ஆச்சரியம்தான். எனக்குக் காது சுட்டது.

அவள் போனதும் அறிவியல் புத்தகத்தைப் பிரித்தேன். யாருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு வரி. அதற்குக் கீழே, கடின உழைப்புச் செய்யும் பெண்ணுக்கு இன்னொரு வரி. இரண்டும் என் கண்ணில் பட்டன. மேல் வரியை மட்டும், அதுவும் ‘உட்கார்ந்து’ என்பதை விழுங்கிவிட்டு, உரக்கப் படித்தேன். அதற்கு மேல் தின்றால் கொழுப்பாகத்தான் சேரும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அம்மாவின் உடம்பில் கொழுப்பு என்று எதுவும் இருந்ததாக நினைவில்லை.

“புக்குல அப்பிடியா போட்டுக்கீது?” என்றாள். ஆமாம் என்றேன். மறுநாளிலிருந்து பாதித் தட்டுதான்.

இப்போது கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கிறேன். சோற்றில் இருக்கும் ஆற்றலில் ஒரு பங்குதான் தசையின் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. போனதற்கு ஈடாக உள்ளே வராவிட்டால், உடம்பு முதலில் தன் சேமிப்பில் உள்ள சர்க்கரையையும் கொழுப்பையும், பிறகு தசையையும் எரிக்கும். அந்தக் கணக்கை யாரும் ஏமாற்ற முடியாது. அம்மா ஐந்து நாள் அப்படித்தான் மாடி ஏறினாள்.

ஆறாம் நாள் மதியம் மணல் சட்டியோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். கூட வேலை செய்யும் அக்கா ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்தாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேஸ்திரி சொன்னாராம். அம்மா எல்லோரிடமும் வெயில் என்றுதான் சொன்னாள்.

அந்த அக்கா போனதும் தட்டு நிறையச் சோறு போட்டு வைத்தேன்.

“இவ்ளோ எதுக்குடி? புக்குல கம்மியாதானே போட்டுக்கீது.”

“புக்கு தப்பும்மா.”

“புக்கு எங்கனா தப்பா போடுமா? நீ என் மூஞ்சியப் பாத்து பயந்துகினு சொல்ற.”

பாதிச் சோற்றை அள்ளிப் பானையில் திரும்பப் போட்டாள்.

கீழ் வரியைப் படித்துக் காட்டியிருந்தால் போதும். முன்பே ஏன் படிக்கவில்லை என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்து புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அடுத்த வாரத்தில் பசி தாங்காமல் அவளே பழைய அளவுக்குத் திரும்பினாள், ஏதோ தப்புச் செய்கிறவள்போல எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து.

அம்மா புத்தகத்தை நம்பித்தான் பட்டினி கிடந்தாள் என்று அன்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். எழுத்துத் தெரியாதவளுக்கு அந்தப் பக்கத்தில் இருந்ததெல்லாம் என் வாய்ச்சொல் மட்டும்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.