ஷெவாத் மாதத்தில் அய்யாவுக்குத் தண்ணீர்

காலையில் கண் விழித்ததும் மோஷே காபி கேட்பதில்லை. முற்றத்துப் பாதாம் மரம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார். இஸ்ரேலுக்கு வந்து நான்கு வருஷமாக அவரைக் கவனித்துக்கொள்வதுதான் என் வேலை. எண்பத்து மூன்று வயது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி இன்னமும் ஹாரன் அடிப்பதுபோலத்தான் பேசுவார். தை மாதக் குளிரில் அந்த மரம் ஓர் இலைகூட இல்லாமல் விறகாக நிற்கும். "காய்ந்துதான் கிடக்கிறது" என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "ஷெவாத் வருகிறது. வெளியே காய்ந்திருக்கும், உள்ளே தண்ணீர் ஏறத் தொடங்கும். உனக்கு என்ன தெரியும்?" என்பார். ஷெவாத் யூதர்களுடைய குளிர்கால மாதம். அதன் பதினைந்தாம் நாள், பௌர்ணமியன்று, மரங்களுக்கெல்லாம் ஒரு வயது கூடுகிறது. கனியைப் பார்த்து அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஏறும் அந்த ஈரத்தை நம்பித்தான் வயதை எண்ணுகிறார்கள். ஜெப ஆலயத்துப் பக்கமே போகாத மனிதர், இதை மட்டும் விடமாட்டார்.

இந்த வருஷம் எனக்கும் அந்த மாதத்தின்மேல் கண் இருந்தது. ஷெவாத் பிறப்பதற்கு முந்தின நாள் தை அமாவாசை. அய்யா, என் அப்பா, இறந்தபோது என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன், வருஷத் திதி கொடுத்ததும் அவன்தான். திருவாடானைப் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து அம்மா போனில் அழுதாள்.

"ஏலே, மத்ததெல்லாம் யாரும் செய்யலாம். சேதுக்கரையில ஒங்கையால எள்ளுந் தண்ணியும் விட்டாத்தான் அய்யாவுக்குத் தாகம் அடங்கும். வாரியா இல்லையா?"

மோஷேயைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் கிடைக்கவில்லை. "வர முடியலம்மா. இங்கனயே விடுறேன்" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அய்யா தன் அப்பாவுக்குத் தண்ணீர் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். முதல் பஸ்ஸில் சேதுக்கரை போய், இடுப்பளவு கடலில் நின்று, விரலிடுக்கில் ஓர் எள் ஒட்டியிருந்தாலும் திரும்பக் கழுவி விடுவார். மந்திரத்தை அவசரமாக ஓட்டிய ஐயரை ஊர் வந்து சேரும்வரை வைதுகொண்டே வருவார். அவருக்குப் பிள்ளையாகப் பிறந்த நான், இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கறுப்பாக இருந்த ஒரு பாக்கெட்டை எள் என்று எடுத்து வந்தேன். ஹீப்ரூ கொஞ்சம் பேசுவேன், படிக்க வராது.

அமாவாசையன்று குளித்து, வெறும் வயிற்றோடு பாதாம் மரத்தடியில் தெற்கே பார்த்து நின்றேன். அய்யாவின் பேரைச் சொல்லி, கையில் இருந்ததன்மேல் தண்ணீர் விட்டதும் வாசனை எழுந்தது. அது கருஞ்சீரகம். வயலில் எள் விதைத்த வீட்டுப் பிள்ளை நான். பேரைச் சொல்லிவிட்டு நிறுத்த மனம் வராமல் மூன்று முறையும் விட்டு முடித்தேன்.

ஜன்னலிலிருந்து மோஷே கத்தினார். "மரத்துக்கு ஏன் ரொட்டி விதையைப் போடுகிறாய்?" இங்கே அதை ரொட்டியின்மேல் தூவுவார்கள்.

"என் அப்பாவுக்குத் தண்ணீர்" என்றேன். அதற்கு மேல் விளக்க என் ஹீப்ரூ போதவில்லை.

"அப்பா வந்திருக்கிறாரா? குளிரில் ஏன் நிறுத்தி வைத்திருக்கிறாய்? உள்ளே கூப்பிடு, காபி போடு!"

அவர் இறந்துவிட்டார் என்று அப்போதுதான் மோஷேயிடம் சொன்னேன். சொன்னபோதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். மோஷே ஜன்னலை இன்னும் அகலமாகத் திறந்தார். பிறகு, "நாளை ஷெவாத். ஊற்றியது ஏறும்" என்றார்.

எள் மாறிப்போனதை அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. பதினைந்தாம் நாள் மரம் பூத்துவிட்டது. மோஷே அத்திப்பழமும் பேரீச்சையும் மேசையில் பரப்பி, மரத்துக்குப் பிறந்தநாள் என்று எனக்கு ஊட்டிவிட்டார். அந்தத் தைரியத்தில் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டுப் பூவைக் காட்டினேன், உள்ளதையும் சொன்னேன்.

"கருஞ்சீரகமா? சளிக்கு அதத் தின்னச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவாரேடா ஒங்க அய்யா!" அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "சரி விடு. நீ விட்டா குடிச்சிருப்பாரு. அந்த மரத்தடி மண்ணு ஒரு பிடி எடுத்து வையி. வரும்போது கொண்டா, சேதுக்கரையில கரைச்சிருவோம்."

தயிர் டப்பா ஒன்றைக் கழுவி, ஒரு பிடி மண்ணை அள்ளி ஜன்னலில் வைத்தேன். நாலைந்து நாளில் அதில் நூல்போல இரண்டு முளை வந்திருந்தது. அய்யாவுக்கு விட்ட கருஞ்சீரகம்தான். அம்மாவிடம் காட்டி, இப்போது என்ன செய்வது என்று கேட்டேன்.

"முளைச்சதப் போயிக் கடல்ல கரைக்கவா? தண்ணிய ஊத்துலே."

சேதுக்கரைக்குப் போக வேண்டிய மண் இந்த ஜன்னலிலேயே இருக்கிறது. தினமும் காலையில், மோஷே மரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அதற்கு ஒரு கை தண்ணீர் விடுகிறேன்.