கடைசி சைபர் வரைக்கும்

“சைபர் புள்ளி ரெண்டு அஞ்சு சைபர்” என்று தராசின் சிவப்பு எழுத்தை வாய்விட்டு வாசித்த பிறகுதான் மீனலோசினி பையை விரிப்பாள்.

“கால் கிலோ வெங்காயந்தானக்கா, அதுக்கு எதுக்கு மந்திரம் ஓதுதிய?” என்று காய்கறிக் கடைக்காரர் கேட்காத நாள் கிடையாது.

“கால் கிலோன்னு நீங்க சொல்லுதிய அண்ணாச்சி. தராசு கிராம் வரைக்கும் அளந்து சொல்லுது. அந்தக் கடைசி சைபரு சும்மா வந்து நிக்கல.”

அவளுக்குப் பின்னால் நிற்பவர்கள் இந்த உரையாடலைப் பலமுறை கேட்டவர்கள். பேசாமல் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

வயது நாற்பத்திரண்டு. சங்கரன்கோவிலில் மாடி அறையில் உட்கார்ந்து சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வலைத்தள நிரல் எழுதுகிறாள். பக்கத்து வீட்டில் ஆறு விசைத்தறி ஓடுவதால், அலுவலகக் கூட்டங்களில் இவள் மைக்கைத் திறந்தாலே “மேடம், ரயில்ல வர்றீங்களா?” என்று முதல் வருடம் முழுக்கக் கேட்டார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து யாரும் கேட்பதில்லை. இப்போது தறி நின்றால்தான் “என்னாச்சு மேடம், கரண்ட் போயிருச்சா?” என்று விசாரிக்கிறார்கள்.

‘சுமார்’ என்ற சொல் அவள் வீட்டுக்குள் நுழைய முடியாது. கணவர் ஸ்ரீராம்குமார் தென்காசியிலிருந்து போன் செய்து “எட்டேகால் பஸ்ல வாரேன்” என்றால், “எட்டு பத்தா, எட்டு பதினேழா?” என்று திருப்பிக் கேட்பாள். தையல் கடை ஆபிதா பானு “அஞ்சரை மீட்டர் எடுத்துட்டு வாங்க” என்று சொன்னதற்கு, “அஞ்சு புள்ளி அஞ்சா, அஞ்சு புள்ளி அஞ்சு சைபரா?” என்று கேட்டவள். ஆபிதா பானு ஊசியைக் கீழே வைத்து, தண்ணீர் குடித்து, பிறகு பதில் சொன்னாள்.

இது கிறுக்கல்ல, தொழில். மருத்துவமனைகளுக்கான ஒரு மென்பொருளில் மருந்தின் அளவு ஒரு கணினி மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போகிறது. டாக்டர் பார்க்கும் திரை ஒரு மொழியில் ஓடும். கணக்கைப் போட்டுச் சேமித்து வைக்கும் இயந்திரம் வேறொரு மொழியில் ஓடும். வழியில் அந்த எண் ஒரு இம்மியும் மாறக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் மீனலோசினியின் வேலை. அவளிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு: எண்ணை எண்ணாக அனுப்பாதே, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு எழுத்தாக அனுப்பு. எண்ணாகப் போனால் ஒவ்வொரு மொழியும் தன் வசதிக்கு அதை மாற்றிக்கொள்ளும். எழுத்தாகப் போனால் யாரும் கைவைக்க மாட்டார்கள். போய்ச் சேர்ந்த பிறகு கூட்டுவதற்கு, கையால் தாளில் கூட்டுவதுபோல் இலக்கம் இலக்கமாகக் கூட்டும் ஒரு நிரலை அவளே எழுதி வைத்திருக்கிறாள். புதிதாகச் சேருகிறவர்கள் யாராவது சாதாரணக் கூட்டல் குறியைப் போட்டுவிட்டால், “இது ஆஸ்பத்திரியாக்கும், சந்தைக்கடை இல்ல” என்பாள்.

அப்படிப்பட்டவள் சறுக்கியது ஒரு கோலப் போட்டியில்.

கோவில் திருவிழாவான ஆடித் தபசை ஒட்டித் தெருவின் மகளிர் மன்றம் வருடா வருடம் நடத்தும் போட்டி. போன வருடம் மதிப்பெண் தாளில் டீ கொட்டி, அடிதடி ஆகாத குறை. அதனால் இந்த வருடம், நடுவர்கள் போனிலேயே மதிப்பெண் போட ஒரு வலைப்பக்கம் செய்து தரும்படி மன்றத்தார் கேட்டார்கள். பதினான்கு கோலம். ஷீலா டீச்சர், தையல் கடை ஆபிதா பானு, சண்முகையா என்று மூன்று நடுவர்கள். எல்லாருக்கும் முழு மதிப்பெண்ணில் ஆரம்பம். பிழைக்குத் தகுந்தபடி நடுவர்கள் கழிக்க வேண்டும். மொத்தத்தில் யாருக்குக் குறைவாகக் கழிபட்டதோ அவர் முதல். மீனலோசினி சமையலுக்கு நடுவே, குக்கர் விசில் எண்ணிக்கொண்டே அதை எழுதி முடித்தாள். தன் கூட்டல் நிரலைச் சேர்க்கவில்லை. சாதாரணக் கூட்டல் குறியைப் போட்டாள். கோலம்தானே என்று நினைத்தாள். அவள் வாழ்க்கையில் ‘தானே’ என்று நினைத்த தருணங்கள் மிகக் குறைவு.

முதல் பரிசு, வெட் கிரைண்டர். அதை வென்றது அவளுடைய மாமியார் முத்துமீனாள். இரண்டாம் பரிசு, எதிர்வீட்டு இசக்கியம்மாளுக்கு ஒரு சில்வர் தூக்குச்சட்டி.

முத்துமீனாளுக்கு அறுபத்து மூன்று வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து கோலம் போடுகிறாள். ஒரு போட்டியிலும் ஆறுதல் பரிசுகூட வாங்கியதில்லை. கிரைண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, பொட்டு வைத்து, ஒருநாள் முழுக்க அதை ஓட்டாமல் சுற்றி வந்தாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாள்.

மறுநாள் காலை இசக்கியம்மாள் போனை நீட்டியபடி வந்தாள். சண்டைக்கு வந்தவள்போல் இல்லை. அதுதான் மீனலோசினிக்குப் பயமாக இருந்தது.

“ஏ மீனா, இதைக் கொஞ்சம் பாரு. எனக்கு ஷீலா டீச்சர் சைபர் புள்ளி ஒண்ணு கழிச்சிருக்கா. ஆபிதா ரெண்டு, சண்முகையா அண்ணாச்சி மூணு. ஒன் மாமியாளுக்கு டீச்சர் மூணு, ஆபிதா ரெண்டு, அண்ணாச்சி ஒண்ணு. ஒண்ணு ரெண்டு மூணுன்னு கூட்டுனாலும் ஆறு, மூணு ரெண்டு ஒண்ணுன்னு கூட்டுனாலும் ஆறு. ரெண்டு பேருக்கும் சைபர் புள்ளி ஆறு சைபருன்னுதான் போட்டிருக்கு. பொறவு அவ எப்படி முதல்ல வந்தா? நான் எப்படி ரெண்டாவது?”

மீனலோசினி திரையைப் பார்த்தாள். பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“தெருவுல என்ன பேசுதாங்கன்னு நான் சொல்ல வேண்டாம். நீ செஞ்ச கம்ப்யூட்டரு, ஒன் மாமியாளுக்குப் பரிசு. நான் அப்படி நினைக்கல. ஆனா கணக்கு எனக்கு விளங்கணும்” என்று சொல்லிவிட்டு இசக்கியம்மாள் போய்விட்டாள்.

மீனலோசினி மாடிக்கு ஓடினாள். 0.1, 0.2, 0.3 என்ற வரிசையில் அந்த மதிப்பெண்களைக் கூட்டச் சொன்னாள். 0.6000000000000001 என்றது கணினி. திருப்பிப் போட்டாள். 0.6 என்றது. இன்னொரு மொழியில் கேட்டாள், மூன்றாவது மொழியிலும் கேட்டாள். மூன்று மொழிகளும் பேசி வைத்துக்கொண்டதுபோல் அதையேதான் சொன்னன. திரையில் இரண்டு இலக்கம் மட்டும் காட்டியதால் இருவருக்கும் 0.60 என்று தெரிந்திருக்கிறது. வரிசைப்படுத்தும்போது மட்டும் கணினி கடைசியில் ஒட்டியிருந்த அந்த 1 என்ற வாலையும் சேர்த்துப் பார்த்து, அதிகம் கழிபட்டவள் என்று இசக்கியம்மாளைக் கீழே இறக்கிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் அவள் நடத்தும் பாடமே இதுதான்.

வெட்கமாக இருந்தது. போனில் கணவரிடம் சொன்னாள்.

“சும்மா இரேன். அந்தப் பதினாறாவது இலக்கத்தை எவன் பாக்கப் போறான்? இப்பப் போயி தப்புன்னு சொன்னா, திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கிட்டேன்னுதான் நினைப்பாங்க. அம்மா பாவம்லா” என்றார் ஸ்ரீராம்குமார்.

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் சங்கடம். கீழே கிரைண்டர் முதன்முதலாக ஓடும் சத்தம் கேட்டது. அவள் இறங்கிப் போனாள்.

“அத்தே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“உளுந்து பொங்கிப் பொங்கி வருது பாத்தியாட்டி” என்றாள் முத்துமீனாள்.

“அத்தே, அரை, கால், அரைக்கால், மாகாணி. இந்த அளவு மட்டுந்தான் ஒங்க கையில இருக்கு. இதை வச்சு ஒரு படியில பத்துல ஒரு பங்கை அளந்துருவியளா?”

அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று. மாமியார் விரல் மடக்கிப் பார்த்தாள். “மாகாணி போட்டா கொறையுது. அரைக்கால் போட்டா கூடுது. மாகாணிலயும் பாதி, அதுலயும் பாதின்னு போட்டுக்கிட்டே போகலாம். கிட்டக்க வரும். தீராது.”

“கம்ப்யூட்டரு கையிலயும் அந்த அளவுதான் இருக்கு. அதான் பத்துல ஒண்ணுன்னா அதுக்கு ஒரு துளி கூடக் கொறைய ஆயிருது. எதை முதல்ல கூட்டுதோம், எதைப் பொறவு கூட்டுதோம்ங்கறதுல அந்தத் துளி மாறும். அதைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளமே. கோலத்துக்கு நான் தடுக்கல. இசக்கி அக்காவும் நீங்களும் சமம் அத்தே.”

முத்துமீனாள் மாவை வழித்துவிட்டுக் கொண்டே கேட்டாள்: “நான் தோக்கலையே?”

“இல்ல. முதல்தான். ரெண்டு பேரும் முதல்.”

“யாரு கேட்டா இதை?”

“யாரும் பரிசைக் கேக்கல. இசக்கி அக்கா கணக்கு விளங்கலைன்னு சொன்னா, அம்புட்டுதான்.”

முத்துமீனாள் சுவிட்சை அணைத்தாள். பொட்டு வைத்த கிரைண்டரை ஒருமுறை பார்த்தாள். மருமகளைப் பார்க்கவில்லை. “நாளைக்கு மன்றத்துல நீயே எந்திரிச்சுச் சொல்லிரு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். இல்லாட்டா என்னையும் சேத்துல்லா பேசுவாளுக” என்றாள்.

மறுநாள் மாலை மன்றத்தில் மீனலோசினி எழுந்து, படி, அரைக்கால், மாகாணி எல்லாம் சொல்லி விளக்கினாள். பாதிப்பேருக்குப் புரிந்தது. மீதிப்பேர் முத்துமீனாளின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தூரம் நிமிர்ந்து உட்காருகிறவள் களவாணியாக இருக்க முடியாது என்று அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கணக்கு முழுதாக விளங்கியது நில அளவையராக இருந்து ஓய்வு பெற்ற சண்முகையாவுக்குத்தான். “சங்கிலி போட்டு அளந்த காலத்துலயே இது உண்டும்மா” என்றார். இருவரும் முதல் என்று முடிவாயிற்று. இன்னொரு கிரைண்டர் வாங்க மன்றத்துக்கு வழியில்லை.

“ஒரு வாரம் எங்க வீட்டுல, ஒரு வாரம் ஒங்க வீட்டுல” என்றாள் முத்துமீனாள்.

“அந்தக் கல்லைத் தூக்கிட்டு யாரு மைனி அலைய? அங்கனயே கெடக்கட்டும். எனக்கும் சேத்து ஆட்டுங்க, மாவைக் குடுங்க” என்றாள் இசக்கியம்மாள்.

ஆக இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வீட்டில் இரண்டு வீட்டு மாவு ஆட்டப்படுகிறது. இசக்கியம்மாள் அரிசியும் உளுந்தும் ஊறவைத்துக் கொண்டுவருவாள். பரிசாக வந்த அதே தூக்குச்சட்டியையும் கையோடு எடுத்து வருவாள். போன ஞாயிறு முத்துமீனாள் கண்ணளவில் பாதியை அதில் ஊற்றி, “போதும்லா?” என்றாள். “போதும் போதும்” என்று இசக்கியம்மாள் மூடியை எடுத்தாள்.

“இருங்கக்கா” என்றாள் மீனலோசினி.

அலமாரியிலிருந்து சமையல் தராசை எடுத்து வைத்தாள். தூக்குச்சட்டியின் எடையையும் தங்கள் பாத்திரத்தின் எடையையும் கழித்துப் பார்த்தாள். வீட்டு மாவு 1.252 கிலோ, தூக்குச்சட்டி மாவு 1.248 கிலோ. இரண்டு பெண்களும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள். மீனலோசினி டீஸ்பூனால் வீட்டுப் பாத்திரத்திலிருந்து நுனியளவு மாவை எடுத்துத் தூக்குச்சட்டியில் சொட்டவிட்டாள். பார்த்தாள். இன்னொரு சொட்டு. பிறகு குனிந்து, 1.250 என்பதில் கடைசி சைபர் துடிப்பதை நிறுத்தும் வரைக்கும் ஸ்பூனைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.