எருசலேம் பாடத்தில் விட்டுப்போன ஆயிரத்து எண்ணூறு வருஷம்

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிருந்தேன். முட்டிவலிக்காரிக்குச் சந்தையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பழைய மிக்ஸி ஜாருக்கு ஒரு மூடி வேண்டியிருந்தது. மூடி கிடைக்கவில்லை. வழியில் ஒருவர் தார்ப்பாய் விரித்துப் பழைய தோல் பைகளைக் குவித்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்துத் திறந்தவள், என்னை அறியாமல் மூக்கை உள்ளே விட்டுவிட்டேன்.

“இன்னாம்மா, மல்லிப்பூவா அது? மோந்து பாத்துகினே கீறியே, வாங்கறியா இன்னா?” என்றார் கடைக்காரர்.

அவருக்கு எப்படி விளக்குவது? எனக்கு அந்த வாசனை குரோம்பேட்டை. அதுவும் அறுபதுகளின் கடைசியில் இருந்த குரோம்பேட்டை. அந்தக் காலத்தில் மின்சார ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வந்தால்கூட ஸ்டேஷன் வந்துவிட்டது தெரியும். தோல் பதனிடும் தொழிற்சாலையிலிருந்து காற்று வீசினால் புதிதாக வந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு மாதம் போனால் வாசனையே தெரியாது. எனக்கு மூன்று வாரத்தில் பழகிவிட்டது. அதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு முதல் வேலை, சரித்திர டீச்சர். வயது இருபத்திரண்டு. மேற்குத் தாம்பரத்தில் ஓர் அறை எடுத்து, அதே பள்ளியில் கணக்கு எடுத்த பிலோமினா அக்காவோடு தங்கியிருந்தேன். அக்கா திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கர். நான் திருநெல்வேலிச் சீமை, சீர்திருத்த சபை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே வாசலிலிருந்து கிளம்பி அவர் ஒரு பக்கம் போவார், நான் ஒரு பக்கம் போவேன். மத்தியானம் ஒரே கறிக்குழம்பில் வந்து சேர்ந்துவிடுவோம்.

என் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் செய்த முட்டாள்தனம் புரியும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பாதையில் நாசரேத் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. என் மாமா வீடு அங்கேதான். ஞாயிறு பள்ளியில் நாசரேத், நாசரேத் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, வேதாகமத்தில் வருகிற ஊரெல்லாம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது என்று எண்ணம். ஏழு வயதில் ஒருமுறை நாசரேத்தைத் தாண்டிப் போகிற யோகம் வாய்த்தது. அடுத்து எருசலேம் வரும் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். குரும்பூர் வந்தது. அன்று நான் அழுத அழுகையை எங்கள் வீட்டில் வெகு காலம் சொல்லிச் சிரித்தார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வருஷம் தகுதிகாண் பருவம். வருஷக் கடைசியில் பெண்கள் பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து, பின்னால் உட்கார்ந்து, ஒரு பாடம் கேட்பார். அவர் நல்லபடி எழுதினால் வேலை உறுதி. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு வீடு என்றால் அதற்கு அர்த்தமே வேறு. மாமா கடிதம் எழுதியிருந்தார். மாப்பிள்ளை பார்த்தாயிற்று, ரைஸ் மில் வைத்திருக்கிறார், குடிப்பதில்லை, வயது முப்பத்தெட்டு. ‘வேலை உறுதியானால் உன் இஷ்டம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்.’ அந்த மனிதர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மெஷின் சத்தத்தில் எதையும் உரக்கக் கத்திச் சொல்ல வேண்டிய ஒரு வாழ்க்கையை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

எந்தப் பாடத்தை எடுப்பது என்று நானே தேர்ந்தெடுக்கலாம். எட்டாம் வகுப்பில் பண்டைய நகரங்கள் என்று ஒரு பகுதி இருந்தது. பாபிலோன், ஏதென்ஸ், எருசலேம். எருசலேம் என்றதும் துள்ளிவிட்டேன். அதற்கு முந்தைய வருஷம்தான் அங்கே யுத்தம் நடந்து ரேடியோவிலும் பத்திரிகையிலும் அந்தப் பெயர் அடிபட்டிருந்தது. தவிர, தொட்டிலிலிருந்தே எனக்குத் தெரிந்த ஊர் அல்லவா? புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

பழுப்புத் தாள்களை மைதாப் பசையால் ஒட்டி நீளமாக ஒரு காலக்கோடு தயாரித்தேன். தாவீது பிடித்த நகரம், சாலொமோன் கட்டிய ஆலயம், பாபிலோன்காரர் இடித்தது, யூதர்கள் திரும்பி வந்தது, நெகேமியா கட்டிய மதில், ஏரோது, ரோமானியர் கொளுத்தியது. மதிலுக்காக ஒரு பழைய காலண்டரில் இருந்த எருசலேம் மதில் படத்தை வெட்டி ஒட்டினேன். ரோமானியருக்கு அடுத்த தாளில், முதல் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரர் நகரத்துக்குள் நுழைந்தது. அதற்கடுத்து இன்றைய நிலை. ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்கள் ஊரில் சரித்திரம் அப்படித்தான் நடந்தது. வேதாகமம் முடிந்ததும் வெள்ளைக்காரர் வந்துவிட்டார். நடுவில் யாரும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

பிலோமினா அக்கா சார்ட்டைப் பார்த்துவிட்டு, “எழுத்து அழகா இருக்குடி. ஆனா அந்தம்மா சார்ட்டப் பாக்க மாட்டாங்க, கையைத்தான் பாப்பாங்க,” என்றார். அப்புறம் ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்துப் பள்ளிகளில் இது பரம ரகசியம், எல்லாருக்கும் தெரிந்த பரம ரகசியம். டீச்சர் கேள்வி கேட்டால் வகுப்பு முழுவதும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவள் வலக்கை, தெரியாதவள் இடக்கை. டீச்சர் வலக்கைக்காரியை மட்டும் எழுப்புவாள். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு நாற்பது கை மட்டும்தான் தெரியும்.

நான்கு நாள் ஒத்திகை பார்த்தோம். பத்துக் கேள்வி, பத்துப் பதில். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. கடைசி பெஞ்சில் ஜரீனா என்று ஒரு பெண். அவள் அப்பாவுக்குத் தோல் தொழிற்சாலையில் தோலைத் தடவிப் பார்த்து ரகம் பிரிக்கிற வேலை. மிச்சத் தோல் துண்டுகளை இணைத்து அவர் தைத்துக் கொடுத்த பைதான் அவளுக்குப் புத்தகப் பை. சரித்திரத்தில் அவள் எப்போதும் பெயில். ஒத்திகையில் பத்துக் கேள்விக்கும் இடக்கையைத் தூக்கினாள். அதுவும் முகம் கொள்ளாத சிரிப்போடு. நான் அவளைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்தார். வெள்ளைப் புடவை, கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் திருப்பிக் கட்டியிருந்தார். நாற்காலியைக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில், சரியாக ஜரீனாவின் அருகில் போட்டுக்கொண்டார். பாடம் ஓடியது. ஒவ்வொரு கேள்விக்கும் நாற்பது கை. “நெகேமியா கட்டின மதில் இன்னைக்கும் அங்க நிக்குது,” என்று காலண்டர் படத்தைத் தொட்டுக் காட்டினேன். இன்னும் ஐந்து நிமிஷத்தில் மணி அடித்துவிடும். எனக்கு ரைஸ் மில் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது.

“டீச்சர், ஒரு நிமிஷம்,” என்றார் அந்த அம்மா. “ரோமானியர் கொளுத்தினாங்க, சரி. வெள்ளைக்காரங்க வந்தாங்க, சரி. நடுவுல ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல இருக்கே. அந்த ஊர்ல யாரு இருந்தாங்க? பிள்ளைங்களக் கேளுங்க.”

சார்ட்டைத் திரும்பிப் பார்த்தேன். ரோமானியருக்கும் வெள்ளைக்காரருக்கும் நடுவே அரை விரல் அகலத்துக்கு மைதாப் பசை மட்டும் இருந்தது. எனக்குப் பதில் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வாய் தானாகக் கேள்வியைத் திருப்பிச் சொன்னது.

பிள்ளைகள் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார்கள். முப்பத்தொன்பது இடக்கை. ஒரே ஒரு வலக்கை, ஜரீனாவுடையது.

பக்கத்தில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா உட்கார்ந்திருக்கிற பயத்தில் இவள் கையை மாற்றித் தூக்கிவிட்டாள் என்றே நினைத்தேன். இவளை எழுப்பி இவள் உளறினால் நான் தொலைந்தேன். எழுப்பாவிட்டால் வேறு யாரை எழுப்புவது? மற்ற முப்பத்தொன்பது பேரும்தான் தெரியாது என்று கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிவிட்டார்களே. “ஜரீனா, நீ சொல்லு,” என்றேன்.

எழுந்தாள். “உமர் கலீபா வந்தாரு டீச்சர். ஒட்டகம் ஒண்ணு, ஆளு ரெண்டு. அவரு கொஞ்ச தூரம், வேலைக்காரரு கொஞ்ச தூரம், மாத்தி மாத்தி ஏறிகினு வந்தாங்க. ஊருகிட்ட வரசொல்ல வேலைக்காரரு மொறை. நீங்களே குந்துங்க, ஜனங்க பாக்கறாங்கன்னு அவரு கெஞ்சுறாரு. கலீபா ஒத்துக்கல. கயித்தப் புடிச்சிகினு நடந்தே உள்ள போனாரு. பாக்கறவங்களுக்கு யாரு ராஜான்னே தெரியல.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. “அப்புறம்?” என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு.

“சர்ச்சுல தொழுவுங்கன்னு பாதிரியாரு சொன்னாரு. நான் இங்க தொழுதா, பின்னால வர்றவங்க இது எங்க எடம்னு புடுங்கிக்குவாங்கன்னு சொல்லிட்டு வெளிய வந்து தொழுதாரு. அப்பால சிலுவை போட்டுகினு ஒரு பட்டாளம் வந்து ஊரப் புடிச்சிது. ரொம்ப ஜனங்க செத்துட்டாங்க. எங்க அத்தாதான் இந்தக் கதை சொல்வாரு, அத மட்டும் சீக்கிரமா சொல்லித் தாண்டிட்டாரு. அப்பால சலாஹுதீன் வந்து திருப்பிப் புடிச்சாரு. அப்பால துருக்கி சுல்தான் ஒருத்தரு மதிலு கட்னாரு.” அவள் விரல் என் காலண்டர் படத்தை நோக்கி நீண்டது. “இப்ப நிக்கற மதிலு அதுதான் டீச்சர். எங்க வூட்லயும் இந்தப் படம் கீது.”

மணி அடித்தது. தாழ்வாரத்தில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என் பக்கத்தில் வந்து குனிந்து, “முப்பத்தொன்பது இடக்கை!” என்றார். “நானும் டீச்சரா இருந்தவதான்மா. எங்க ஸ்கூல்ல தெரியாதவங்க கட்டை விரல மடக்கிக்கணும்.” சிரிக்காமல் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை அறைக்குள் போய்விட்டார். கோபமா கேலியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிலோமினா அக்கா கட்டிக்கொண்டு வந்த புளிச்சாதம் எனக்கு இறங்கவில்லை. “ரைஸ் மில்லுன்னா சோத்துக்குப் பஞ்சம் இருக்காதுடி,” என்று வேறு ஆறுதல் சொன்னார் புண்ணியவதி.

மூன்று மணிக்குத் தலைமையாசிரியை கூப்பிட்டுப் பார்வைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ‘பாடம் பாதியில் நிற்கிறது. மாணவியரைப் பேசவிடத் தெரிந்திருக்கிறது. மீதியை இந்த ஆசிரியையே முடிக்கட்டும்.’ மூன்றே வரி. அந்த ‘யே’யில் என் வேலை உறுதியாகிவிட்டதைப் பார்த்ததும் அங்கேயே அழுதுவிட்டேன். ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. அன்று ரயிலில் உட்கார இடமிருந்தும் தாம்பரம் வரை வாசல் பக்கம் நின்றுகொண்டே காற்று வாங்கினேன். மாமாவுக்கு நாலே வரியில் கடிதம் எழுதினேன். மாப்பிள்ளைக்கு என் வாழ்த்துகள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் ஜரீனாவைத் தனியாகக் கூப்பிட்டேன். ஒருத்தியைத் தெரியாதவள் என்று ஒதுக்கிவைத்துவிட்டு அவளாலேயே பிழைத்த வெட்கம் எனக்கு. “இவ்வளவு தெரிஞ்சவ, ஒத்திகையில ஏன்டி எல்லாத்துக்கும் இடக்கையே தூக்கின?”

“நீங்கதான டீச்சர் தெரியாதவங்க இடக்கைன்னீங்க?” என்றாள் ஆச்சரியமாக. “அந்தப் பத்தும் எனக்கு நெஜமாலுமே தெரியாது. இது தெரியும், தூக்கினேன்.”

மன்னித்துக்கொள் என்றேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு பசை ஒட்டிய இடத்தில் சார்ட்டைக் கத்தரித்தோம். அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். நான் இந்தத் தடவை புத்தகத்தையும் பிரித்துச் சரிபார்த்து எழுதினேன். நடுவில் ஆறு தாள் சேர்ந்தது. சுவர் போதாமல் மூலையில் மடித்து அடுத்த சுவரிலும் ஆணி அடிக்க வேண்டியதாயிற்று. ஜரீனா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தாள். அதற்கப்புறம் சரித்திரத்தில் மட்டும் பெயிலாகவே இல்லை.

அந்தப் பள்ளி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. தொழிற்சாலை மூடி வெகு காலமாயிற்று. அதன் ‘குரோம்’ மட்டும்தான் ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை தூக்கும் வித்தையும் போய்விட்டது. அது ஏமாற்று வேலை என்பதில் சந்தேகமில்லை, போனதில் எனக்கு நிம்மதியும்தான். ஆனால் சென்ற மாதம் என் மகள் வயிற்றுப் பேத்தியின் பள்ளியில் பெற்றோரை அழைத்து வகுப்பைப் பார்க்கச் சொன்னார்கள். மகளோடு நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கேள்வி கேட்டார். ஐந்தாறு கைகள் உயர்ந்தன, எல்லாம் வலக்கை. தெரியாது என்று சொல்ல ஓர் இடக்கைகூட இல்லை. மற்றப் பிள்ளைகள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, டீச்சர் தங்களைப் பார்த்துவிடாதபடி தலையைக் குனிந்துகொண்டார்கள். என் பேத்தியும்தான்.