ஒரு நாளைக்கு முப்பத்தைந்து கிலோ

உலர்புல் விற்பவர் பதினான்காவது கட்டை இறக்கிவிட்டு, உழவு இயந்திரத்தை நிறுத்தாமலே, இனி இல்லை என்றார். மே மாத நடுப்பகுதி அது. முப்பது கட்டுத் தருவதாக அவர் மாரியில் ஒப்புக்கொண்டபோது மலைச்சரிவு முழுவதும் பச்சையாக இருந்தது. பிறகு மழை வரவில்லை. அவருடைய வயலிலும் பாதிதான் விளைந்தது, அந்தப் பாதிக்கும் அவருடைய சொந்த ஆடுகள் இருந்தன. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டு ஒன்று நாற்பது யூரோ என்று பேசியிருந்தோம். அடுத்த கிராமங்களில் விசாரித்தபோது தொண்ணூறு கேட்டார்கள், அதையும் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் கொடுத்தார்கள்.

எங்களிடம் ஏழு கன்றுகள் இருந்தன. பால் மறந்த ஆண் கன்றுகளை முந்தைய இலையுதிர் காலத்தில் வாங்கி, ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமாக வளர்த்து, நத்தார்ப் பண்டிகைக்கு முன் இறைச்சிக்கு விற்பது திட்டம். நான் பத்தொன்பது வருடங்களாகப் பலெர்மோ நகரத்தில், வியா மக்வேதா என்ற தெருவில், சினியோரா என்று நாங்கள் அழைக்கும் ஓர் அம்மையாரின் வீட்டைத் துடைக்கிறேன். என் கணவர் நகரத்துக்கு வெளியே மொண்டெல்லோக் கடற்கரையில் உணவகமொன்றின் சமையலறையில் சட்டி கழுவுகிறார். அவருடைய முதுகு இரண்டு கோடைக்கு மேல் தாங்காது என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் இந்த எண்ணம் வந்தது. நகரத்துக்கு மேலே மலைப்பக்கத்தில் சினியோராவின் நிலம் சும்மா கிடந்தது. சிறு குத்தகைக்குத் தந்தார். கன்றுக்கும் வேலிக்கும் தண்ணீர்த் தொட்டிக்குமாக எங்கள் சேமிப்பு முழுவதும் போயிற்று. ஏழும் நிறை வைத்து விலைபோனால் அடுத்த வருடம் பன்னிரண்டு வாங்கலாம், அவர் சமையலறையை விடலாம். போகாவிட்டால் எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் இதற்காகக் கொஞ்சம் பேச்சு வாங்கினோம். எங்களுக்கு முன்பே பலெர்மோவுக்கு வந்த ஓர் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி, "வெள்ளிக்கிழமை விரதம், சனிக்கிழமை இறைச்சிக்கடையோ?" என்று கேட்டார்.

என் கணவர் பிரசாதத்தை மென்றுகொண்டே சொன்னார்: "அக்கா, நீங்கள் வேலை செய்யிற வீட்டில ஒவ்வொரு நாளும் மாட்டிறைச்சி பொரிச்சுக் குடுக்கிறியள்தானே. நாங்கள் அந்தச் சட்டிக்குக் கொஞ்சம் முன்னால நிக்கிறம், அவ்வளவுதான்."

நாங்கள் குடியிருக்கும் சீசாப் பகுதியில், எங்கள் மாடிக்குக் கீழே இருக்கும் மன்னார்க்காரி வேறு மாதிரி. அவர்கள் வேதக்காரர், ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து மாட்டிறைச்சிக் கறி வைப்பார்கள். "நீங்கள் வளத்துத் தாங்கோ, நாங்கள் சாப்பிடுறம், ரெண்டு சமயமும் ஒண்டாப் பிழைக்கும்" என்பாள்.

கன்றுகளை வாங்கும் முன்பே தீவனக் கணக்கை நான் போட்டுவிட்டேன். மாரி மழையில் முளைக்கும் புல் மே முடியும்வரை வரும். அதன் பிறகு கன்றுக்கு எட்டுக் கிலோ உலர்புல், கொஞ்சம் பார்லி. ஏழுக்கும் நாளொன்றுக்கு ஐம்பத்தாறு கிலோ. கட்டு ஒன்று முந்நூறு கிலோவுக்குச் சற்று மேல். ஜூன் தொடக்கத்திலிருந்து நவம்பர் நடுவரைக்கும் முப்பது கட்டுப் போதும். இந்தக் கணக்கில் பிழை இல்லை. இன்றைக்குப் பார்த்தாலும் இல்லை. புல் மே முடியும்வரை நிற்கும், முப்பதும் வரும் என்ற இரண்டு நம்பிக்கைகளின் மேல் அது நின்றது. இரண்டும் ஒரே மழையின் பிள்ளைகள் என்பதை நான் யோசிக்கவில்லை.

பதினான்கு கட்டை எப்படிக் கொடுப்பது என்று அன்று நாங்கள் கலந்து பேசவே இல்லை. "எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் குடுப்பம்" என்று என் கணவர் சொன்னார். எனக்கும் அதைவிட இயல்பான வழி தோன்றவில்லை. சரிவில் புல் அப்போதே காய்ந்திருந்ததால் அன்றிலிருந்தே கன்றுக்கு ஐந்து கிலோ, நாளொன்றுக்கு முப்பத்தைந்து. அப்படிக் கொடுத்தால் செப்டெம்பர் நடுவரைக்கும் இழுக்கலாம். அதற்குள் எங்கேயாவது புல் கிடைக்கும் என்று இருந்தோம். பார்லி விலையும் ஏறியதால் அதைக் கன்றுக்கு ஒரு தகரப் பேணி அளவாகக் குறைத்தேன்.

அவர் விடிய எழும்பி எங்கள் வான் வண்டியில் மலைக்குப் போய், ஏழு குவியலாக நிறுத்து வைத்து, தொட்டியில் தண்ணீர் பார்த்துவிட்டு, நேரே மொண்டெல்லோவுக்கு வேலைக்குப் போவார். ஞாயிறுகளில் நானும் போவேன். கன்றின் நெஞ்சைச் சுற்றிப் பிடிக்கும் நாடா ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு பக்கம் சென்ரிமீற்றர், மறுபக்கம் அதற்கு ஈடான கிலோ. வசந்தத்தில் ஒவ்வொரு முறையும் நாடா நீண்டுகொண்டே போனது. அதைப் பார்த்து வரும் சந்தோஷத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த ஞாயிறு வரை, ஒரு கிழமை முழுவதும் வைத்திருப்பேன். மே கடைசியில் எல்லாம் அப்படியே நின்றன. ஜூன் நடுவிலும் அதே எண்கள். இரண்டு கன்றுகளில் நாடா ஒரு விரல் குறைந்தது. நான் தவறாகப் பிடித்தேனோ என்று மூன்று முறை பிடித்துப் பார்த்தேன். மூன்றாம் முறை கன்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அதன் விலாவில் எலும்பு தெரிந்தது.

ஜூன் கடைசியில் கால்நடை வைத்தியர், எங்களைவிட வயது குறைந்த ஒரு பெண், இரத்தப் பரிசோதனைக்கு வந்தார். வேலை முடிந்து கை கழுவும்போது குவியல்களைப் பார்த்து எத்தனை கிலோ என்று கேட்டார். சொன்னேன். கன்று தின்பதில் முதற்பங்கு அது மூச்சு விடவும் நடக்கவும் உயிரோடு நிற்கவும் போகிறது, அதற்கு மேலே தின்பதுதான் சதையாகிறது என்றார். இந்த அளவுக் கன்றுக்கு ஐந்து கிலோ முதற்பங்குக்கு மட்டும்தான் காணும். இப்படியே போனால் நவம்பரிலும் இதே நிறைதான் இருக்கும், புல் மட்டும் இருக்காது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனத்துக்குள் பெருக்கினேன். ஏழு தரம் ஐந்து முப்பத்தைந்து. நான்கு தரம் எட்டு முப்பத்திரண்டு. ஏழை உயிரோடு மட்டும் வைத்திருக்கும் அதே புல், நான்கை வளர்த்துவிடும். வான் கண்ணாடிக்கு வெளியே கடல் தெரிந்தது.

"மூண்டை வித்துப்போடுவம்" என்றேன்.

அவர் வானை ஓரமாக நிறுத்தினார். "எந்த மூண்டை?"

"முதல்ல விக்கிறதெண்டு முடிவெடுப்பம்."

"நீர் சொல்லும், எந்த மூண்டு."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு மெதுவாகக் கதைத்தார். "ஊரில சண்டைக்கு இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில கிடந்த நேரம் ஒரு கிடாரம் கஞ்சியை எத்தினை பேர் குடிச்சனாங்கள்? சனம் வர வரத் தண்ணியைத்தானே விட்டது. ஒருத்தரையாவது வெளியில போகச் சொன்னதோ? எல்லாரும் பிழைச்சம்தானே."

நானும் அந்தக் கஞ்சியைக் குடித்தவள். அவர் சொன்னது முழுக்க உண்மை. தண்ணீர் விட்டோம், பிழைத்தோம். எங்களுக்குப் பசி வந்தால் செய்யத் தெரிந்த ஒரே வேலை அதுதான். ஆனால் அங்கே விடிய உயிரோடு எழும்பினால் போதும். எங்களை யாரும் நிறை பார்த்து வாங்கக் காத்திருக்கவில்லை. இதை அவருக்குச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஓம், விளங்குது" என்றார். வானைத் திரும்ப எடுத்தார்.

அதே கிழமையில் மாட்டுத் தரகர் ஒருவரை வரவழைத்தோம். நாடாவில் குறைந்திருந்த இரண்டையும், எப்போதும் மற்றவற்றுக்குப் பின்னால் நிற்கும் சிறியதையும் கொடுப்பது என்று நான் எழுதி வைத்திருந்தேன். தரகர் வேலிக்கு வெளியே நின்றபடியே சிரித்தார். எலும்பை வாங்கி என்ன செய்வது என்று கேட்டார். ஊரெல்லாம் புல் இல்லை, எல்லோரும் விற்கிறார்கள், அவருக்கு அவசரமில்லை. சிறியது வேண்டாம், மெலிந்த இரண்டை எடுப்பதென்றால் பெரியதையும் சேர்த்துத் தரவேண்டும் என்றார். பெரியது சாம்பல் நிறக் கன்று. பின்தொடை அகன்றது. நல்ல விலைக்குப் போகும் என்று நாங்கள் நம்பியிருந்தது அதைத்தான். அவர் சொன்ன தொகை, நாங்கள் மூன்றுக்கும் கொடுத்து வாங்கியதைவிடக் குறைவு. எட்டு மாதப் புல், பார்லி, வானுக்கு அடித்த எண்ணெய், இரண்டு பேரின் ஞாயிற்றுக்கிழமைகள், எதற்கும் அதில் இடமில்லை.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

லொறி வந்த அன்று அவர் உணவகத்துக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தார். மெலிந்த இரண்டும் இழுத்த இழுப்புக்கு ஏறிவிட்டன. சாம்பல் கன்று பலகையில் காலை வைத்துப் பின்வாங்கியது. தரகரின் ஆள் தடியை எடுத்தான். என் கணவர் கையைக் காட்டி நிறுத்தினார். கட்டிலிருந்து கை நிறைய ஓர் அணைப்புப் புல்லைப் பிடுங்கி எடுத்து, தான் முதலில் லொறிக்குள் ஏறினார். கன்று அவருக்குப் பின்னால் பேசாமல் ஏறியது. புல்லை அதன் முன்னால் போட்டுவிட்டு இறங்கினார். அந்தப் புல்லை அவர் நிறுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கன்றுகளின் காதில் மாட்டிய தகட்டிலிருந்த எண்களைத் தரகருக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வைத்தது நான்.

அடுத்த நாளிலிருந்து நான்குக்கும் எட்டெட்டுக் கிலோ. மூன்றின் காசில் பார்லி வாங்கினோம். முதல் நாள் நான்கும் தலையை நிமிர்த்தாமல் தின்றன. "முதலே செய்திருக்கலாம்" என்றார் அவர். யாரை நோக்கியும் சொல்லவில்லை. நான் ஏற்கெனவே கணக்குப் பார்த்திருந்தேன். ஏழுக்கும் பகிர்ந்த அந்த ஆறு கிழமைக்குக் கிட்டத்தட்ட ஐந்து கட்டுப் போயிருந்தது. அதில் ஒரு கிலோ சதைகூட இல்லை. புல்காரர் இல்லையென்று சொன்ன அன்றே மூன்றை விற்றிருந்தால் அவை மெலிந்திருக்காது, கேட்ட விலையை வாங்கியிருக்கலாம், அந்த ஐந்து கட்டும் இருந்திருக்கும். இதை அவருக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

இப்போது ஓகஸ்ட். நாடா மீண்டும் நீளத் தொடங்கியிருக்கிறது, மெதுவாக. இருக்கும் புல் செப்டெம்பர் கடைசி வரைக்கும் வரும். விற்கும் நிறை நவம்பர் நடுவில்தான் வரும். இடையில் ஏழு கிழமை. அதற்கான புல் இந்தத் தீவில் எங்கேயோ இருக்கிறது, எங்கள் விலையில் இல்லை. சினியோரா வழியாகவும் கேட்டுப் பார்த்தோம். உணவகத்து முதலாளியிடம் முற்பணம் கேட்க என் கணவர் இரண்டு முறை போய், கேட்காமலே திரும்பி வந்தார்.

நான்கை இரண்டாக்கினால் புல் நவம்பர் நடுவரைக்கும் வரும். மிஞ்சும் இரண்டு நல்ல விலைக்குப் போனாலும் அடுத்த வருடம் பன்னிரண்டு வாங்க முடியாது, அவர் சமையலறையில்தான் நிற்கவேண்டும். நான்கையும் வைத்திருந்தால், திரும்பவும் ஐந்து கிலோ. போன ஞாயிறு அளந்து முடித்து வேலியைச் சாத்தும்போது அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இரண்டு என்று அவர் கேட்கவில்லை. எந்த இரண்டு என்று எனக்குத் தெரியும். வானில் ஏறி மொண்டெல்லோவுக்குப் போனோம், அவருக்கு அன்று பின்னேரம் வேலை இருந்தது.