தையலுக்கு இடம் விடாத தாள்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம். மேலே முதலாளியும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து படம் போடுவார்கள். சோப்பு உறை, தீப்பெட்டி லேபிள், காலண்டர், எல்லாம். கீழே கல்லில் படம் எழுதி அச்சடிக்கிற கல் அச்சு மிஷின். கடைக்காரர்களுக்குச் செய்கிற வேலை போக, சொந்தமாகப் புத்தகமும் போட்டு விற்றார்கள். போர்டு எழுதுகிறவர்களுக்கு எழுத்து மாதிரிப் புத்தகம், தலையணை உறையில் பூப்போட மாதிரிப் புத்தகம், இந்த மாதிரி. நான் கீழே தாள் மடிக்கிற ஆறு பெண்களில் ஒருத்தி. பதினேழு வயசு. அப்பா ஹார்பரில் மூட்டை விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருந்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது என் மடிப்பு வேலையில்தான்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. அச்சடித்த தாள் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. கழித்துப் போட்ட தாளும் அப்படித்தான். வேறு கம்பெனிக்காரன் பார்த்துக் காப்பியடித்துவிடுவானாம். ஒருத்தி வீட்டில் பலகைமேல் விரிக்க இரண்டு காலண்டர் தாளைக் கொண்டுபோனாள். மறுநாள் அவளை உள்ளேயே விடவில்லை.

அந்த வருஷம் தையல் புத்தகம் ஒன்று போட்டார்கள். ரவிக்கை, பாவாடை, குழந்தைச் சட்டை எல்லாம் நிஜ அளவில் பெரிய பெரிய தாளில் வரைந்து, எட்டாக மடித்துப் புத்தகத்தின் கடைசியில் ஒரு பையில் சொருகியிருக்கும். தாளைத் துணிமேல் வைத்துக் கோட்டிலேயே வெட்டவேண்டியதுதான் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. துணிக்குக் கண்ட்ரோல் இருந்த காலம், அளவாகத்தான் கிடைக்கும். தையற்காரனிடம் கொடுத்தால் பாதித் துணியை அவன் வைத்துக்கொள்வான் என்று பேச்சு. அதனால் புத்தகம் நன்றாக விற்கும் என்று மேலே எல்லோரும் குஷியாக இருந்தார்கள்.

அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வரிசையில் நின்று அம்மா வாங்கி வைத்திருந்த ரோஸ் கலர் துணி பெட்டியில் இருந்தது. நான் மை இழுத்துப்போனதால் கழித்துப் போட்ட ரவிக்கைத் தாள் ஒன்றை எடுத்து, மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எப்படி அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்னும் தெரியவில்லை. நான் யாரிடமும் நிமிர்ந்து பேசாதவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டினேன். கைத்தையல்தான். தைத்து முடித்ததும் அக்கா போட்டுப் பார்த்தாள். மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி.

"நான் இன்னா பூசணிக்காயாடி?" என்று அக்கா அழுதாள். அம்மா ரவிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது திட்டுவதைவிட மோசம்.

அச்சில் வந்தது தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கைதான் தப்பு என்று நினைத்தேன். சரியாகத்தான் வெட்டினேனா என்று பார்க்க அம்மாவின் பழைய ரவிக்கை ஒன்றைப் பிரித்துத் தாள்மேல் விரித்தேன். பிரித்த துணி கோட்டைத் தாண்டிச் சுற்றிலும் வெளியே நின்றது. அப்போதுதான் புரிந்தது. முதலாளி தன் வீட்டம்மாவின் தைத்த ரவிக்கையைத் தாளில் வைத்து ஓரத்தோடு ஓரமாகக் கோடு இழுத்திருக்கவேண்டும். உள்ளே மடங்கிப்போகிற துணி அவர் கண்ணில் படவே இல்லை. வரைகிறவர்கள் யாருக்கும் ஊசி பிடித்துப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை போனால், கட்டுக் கட்டாகப் புத்தகத்தைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சொன்னால் தாளை எடுத்தது தெரிந்துவிடும், வேலை போய்விடும். சொல்லாவிட்டால் எத்தனை வீட்டில் எத்தனை பேர் கண்ட்ரோல் துணியைப் பாழாக்கி அழப்போகிறார்களோ. ரவிக்கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நாலு படி ஏறுவேன், மூன்று படி இறங்குவேன்.

கீழே எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி பார்த்துவிட்டார். "இன்னாமே, படிக்கட்டுல நின்னுகினு கீறே? தாளை யாரு மடிப்பா, உங்க ஆயாவா?"

நான் மேலே ஓடினேன். அவர் பின்னாலேயே வந்தார். முதலாளி மேஜைமேல் ரவிக்கையை வைத்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருஷத்தில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. படம் போடுகிறவர்களில் ஒருவர், "ரவிக்கைக்கும் லேபிள் போடணுமா?" என்று சிரித்தார். ஆம்பிளைகள் நடுவில் ரவிக்கையை விரித்துக்கொண்டு நின்றேன். காது இரண்டும் எரிந்தது.

"என்னம்மா இது?"

"புத்தகத்துல இருக்கிற ரவிக்கைங்க. சேரலை."

"நீ கோட்டுக்கு உள்ளே வெட்டியிருப்பே."

"இல்லீங்க. கோட்டு மேலேயே வெட்டினேன். தைக்கும்போது துணி உள்ள மடங்குதுங்க. அதுக்கு இடம் விடலை." சொல்லிவிட்டு ரவிக்கையை உள்பக்கம் வெளியே திருப்பிக் காட்டினேன்.

அவர் ரவிக்கையைத் தாள்மேல் வைத்துப் பார்த்தார். கோடு சுற்றிலும் வெளியே தெரிந்தது. "பாவாடை, சட்டை?" என்றார்.

"அதுவும் அப்படித்தாங்க. எல்லாத்தையும் தைச்சதை வெச்சுத்தானே கோடு இழுத்திருக்கு."

அவர் ஜன்னலுக்குப் போய், வண்டியில் ஏற்றியதை எல்லாம் இறக்கச் சொல்லிக் கத்தினார். அப்போதுதான் மேஸ்திரி வாயைத் திறந்தார். "அதெல்லாம் சரி நைனா. இவளுக்கு வூட்ல தாளு எப்டி வந்துச்சு? அதைக் கேளு."

யாரும் சிரிக்கவில்லை. "கழிச்ச தாளுங்க. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். "கல்லைத் தயார் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

அச்சடித்த தாளை வீசமுடியாது. தாளுக்கும் கண்ட்ரோல். பழைய கோட்டுக்கு வெளியே சிவப்பில் புள்ளிக்கோடு ஒன்று, 'இதில் வெட்டவும்' என்று, பையிலிருந்து எடுத்துப் பிரித்த அதே தாள்களில் மறுபடி அச்சடிப்பது என்று முடிவாயிற்று. எங்கே எவ்வளவு விடவேண்டும் என்று கேட்க என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். விலாப்பக்கம் ஒரு அங்குலம், தோளில் அரை, கழுத்தில் கொஞ்சம்தான், பாவாடை இடுப்பில் நாடா போக ஒன்றரை. அம்மாவைக் கேட்டுக் கேட்டு வந்து சொன்னேன். அக்கா ரவிக்கைக்குக் கை அடியில் ஒட்டுப்போட்டுக் கொடுத்ததும் அம்மாதான்.

மூன்று நாள் போனது. காலையில் போனதும் மேஸ்திரி, "இன்னும் கீறியா நீ? கோடு முடியட்டும், அப்பால பாரு" என்பார். முதலாளி வேலையைத் தவிர வேறு பேசமாட்டார். வேலை போய்விடலாம் என்று அம்மாவிடம் நான் சொல்லவும் இல்லை. கடைசித் தாளும் சரியாக வந்தபிறகு, முதலாளி கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"நாளைக்கு வரட்டுங்களா?"

தலையைத் தூக்காமலே சொன்னார். "ஏன் வரமாட்டே? அனுப்பறதா இருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பேன். இதையெல்லாம் மறுபடி மடிக்கணும், போ."

அன்றைக்கே என்றால், மூன்று நாளுக்கு முன்னாலேயே அவர் மனசில் முடிவு செய்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சந்தோஷப்படுவதற்குப் பதில் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் ஏது? கீழே போய் உட்கார்ந்து, சிவப்புக்கோடு போட்ட தாளை ஒவ்வொன்றாக இழுத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி மடித்தேன். பக்கத்தில் இருந்தவள், "தாளு கிழிஞ்சுடப் போவுதுடி" என்றாள்.