எதிர்வீட்டுக்காரர் பற்றி ஒரு புகார்

போன வருடம் சித்திரை மாதத்தில், பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது.

லோயர் கேம்ப் மின் நிலையத்தில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்று இங்கே குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பேசியே பழகியவனுக்கு இங்கே பேச ஆளில்லை. தூக்கம் கெட்டது, காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது, சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். தேனி டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். இதயம் நன்றாக இருக்கிறது, யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள் என்று ஒரு அட்டையைக் கொடுத்தார். அதில் ஒரு போன் நம்பர். மனச்சோர்வில் கிடந்து தேறியவர்களே அவரவர் வீட்டிலிருந்து பேசுவார்களாம். உயிர் போகிற அவசரத்துக்கு அல்ல, என்னை மாதிரி உள்ளுக்குள் புழுங்குகிறவர்களுக்கு. பெயர், ஊர் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் அட்டை சட்டைப்பையிலேயே கிடந்தது. என் மனைவிதான் ஒரு காலையில் முடிவு கட்டினாள்.

"ஒண்ணு நீங்க பேசுங்க, இல்ல நான் பேசுறேன். உங்களப் பாத்துப் பாத்து எனக்குப் படபடப்பு வந்துரும் போலருக்கு."

மோர்மிளகாய்க்குக் காவல் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் அந்த நம்பரை அழுத்தினேன். தணிந்த குரலில் ஒருவர் பேசினார்.

"சொல்லுங்க சார், மெதுவாச் சொல்லுங்க."

மனசு சரியில்லை என்று எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. அதனால் எதிர்வீட்டுக்காரரிடமிருந்து ஆரம்பித்தேன்.

"எதிர்வீட்டுல ஒருத்தர் இருக்காரு சார். குடிவந்த அன்னிக்கு பால் காச்சக் கூப்பிடப் போனேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டாரு. ரெண்டு வருசமா ஒரு தலையாட்டக்கூட இல்ல."

பேசப் பேச உற்சாகம் வந்துவிட்டது. அவர் வீட்டு இரும்புக் கேட்டுக்கு எண்ணெய் விடாதது, வண்டியை எங்கள் வாசல் பக்கம் திருப்பி நிறுத்துவது, காலையில் வாய் கொப்பளிப்பது என்று இருபது நிமிடம் அடுக்கினேன். போனில் இருந்தவர் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கொப்பளிக்கிறது ரொம்பச் சத்தமாவா கேக்குது?"

"தெருவுக்கே கேக்கும் சார்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "எனக்கும் ஒரு காலம் அப்பிடி இருந்துச்சு சார். யாராச்சும் எதிர்க்க வந்தா பேச வாயே வராது, கதவச் சாத்திக்கிருவேன். திமிருன்னுதான் நெனச்சிருப்பாக. தேறுன பெறகும், இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயிப் பேசுறதுன்னு கூச்சம்."

"நீங்க தங்கமான ஆளு சார், உங்க கதை வேற," என்றேன். "இவருக்கு நெசமாவே திமிரு."

அப்போது மிக்ஸி ரிப்பேர் ஆட்டோ ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. 'குக்கருல விசில் வரலையா, பிரஷர் நிக்கலையா' என்று ஒலிபெருக்கி அலறியது. இடது காதில் தெருவிலிருந்து கேட்ட அதே வரி, வலது காதில் போனுக்குள்ளிருந்தும் கேட்டது. ஒன்றும் புரியாமல் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தேன். எதிர்வீட்டு ஜன்னலோரம் அவர், காதில் போனோடு. சத்தம் தாங்காமல் எழுந்து கண்ணாடி ஜன்னலைச் சாத்தினார். போனில் ஆட்டோ சத்தம் சட்டென்று அடங்கியது.

அப்படியே மோர்மிளகாய்க்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"சார், இருக்கீகளா? எதிர்வீட்டுக்காரரப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தீக."

"அவரு..." குரலைத் தணித்துக்கொண்டேன். "யோசிச்சுப் பாத்தா நல்ல மனுசன்தான் சார்."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு இருமல்.

"சரி, அவர விடுங்க. உங்களுக்கு எப்பிடி இருக்கு?"

இந்தக் கேள்விக்கு அன்றுதான் உண்மையான பதில் சொன்னேன். இப்போதும் ஷிப்டு நேரத்துக்கு விழித்துக்கொள்கிறேன். சட்டை மாட்டி, செருப்பும் போட்ட பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவுக்கு வருகிறது. மனைவி பார்ப்பதற்குள் கழற்றி வைத்துவிடுகிறேன். சொல்லி முடித்ததும் அவர் புத்தி சொல்லவில்லை. "அந்தச் செருப்பக் கழட்டுற நேரம் கொடுமையா இருக்கும் சார்," என்றார். அவ்வளவுதான். நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது.

கடைசியில், "வெயில் ஏறுது, முட்டி வலிக்கும். எந்திரிச்சு நெழலுக்குப் போங்க சார்," என்று சொல்லிப் போனை வைத்தார். நான் மாடியில் குத்தவைத்திருப்பதை அவரிடம் சொல்லவே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறரைக்குக் கேட்டைத் திறந்தேன். எதிரே அவரும் திறந்தார். வேறெதுவும் தோன்றாமல், "சாப்பிட்டாச்சா?" என்றேன்.

"இன்னும் காப்பியே குடிக்கல," என்றார் தயங்கி.

"வாங்க, இங்கன குடிக்கலாம்."

வந்தார். இரண்டு டம்ளர் குடித்தார். இப்போது தினமும் சேர்ந்துதான் நடக்கப் போகிறோம். அந்தப் போன் பேச்சைப் பற்றி மட்டும் இன்றுவரை அவரும் வாய் திறந்ததில்லை, நானும் திறந்ததில்லை.

என்னைப் பற்றி யாராவது குறை சொன்னால் இப்போதும் பாதியிலேயே குறுக்கே விழத்தான் செய்கிறேன். ஆனால் அந்த இருபது நிமிடமும் அந்த மனிதர் எப்படி 'ம்' கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைத்ததும் வாய் தானாக மூடிக்கொள்கிறது.