நீத்துப்பெட்டி வைத்த தலைக்கவசம்

தலைக்கவசங்களைப் பற்றி என்னிடம் யாரும் வாய் கொடுக்காமல் இருப்பது நல்லது. மோட்டார் சைக்கிள்காரர் போடுவதைச் சொல்லவில்லை. எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன்னர் ஐரோப்பாவில் குதிரை ஏறிச் சண்டை போட்ட கவச வீரர்களின் இரும்புத் தலைகளைச் சொல்கிறேன். பிள்ளைகளோடு மியூசியத்துக்குப் போனால் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் கதைக்கத் தொடங்கிவிடுவேன். அவர்கள் டைனோசர் பக்கம் கையைப் பிடித்து இழுப்பார்கள். நான் அசையமாட்டேன். எனக்கு அந்த உரிமை உண்டு. ஒன்பது வயதில் எனக்குச் சொந்தமாக ஒரு தலைக்கவசம் இருந்தது. அது எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரின்சிபலின் அறைக்கு வெளியே, வருடம் முடியும்வரை கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் எல்லோருக்கும் பாதிக் கதையைத்தான் சொன்னேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் நாங்கள் இருந்தோம். நாலாம் வகுப்பில் ஐரோப்பாவின் மத்திய காலம் ஒரு பாடம். வசந்த காலத்தில் ஜிம்மில் ஒரு காட்சி வைப்பார்கள், பெற்றோர் எல்லோரும் வருவார்கள். யார் எதைச் செய்வது என்று ரீச்சர் துண்டுக் கடதாசியில் எழுதி ஒரு பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினார். பக்கத்துக் கதிரைக்காரிக்கு இளவரசியின் உடுப்பு வந்தது. இன்னொருத்திக்கு அரண்மனை விருந்து. எனக்குத் தலைக்கவசம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதேன்.

அழுகை லைப்ரறியில் புத்தகம் எடுக்கும்வரைதான். பிறகு நான் அந்தப் புத்தகத்தோடே சாப்பிட்டேன், படுத்தேன். முதலில் கூம்புத் தொப்பி மாதிரி ஒன்று. மூக்கை மறைக்க மட்டும் ஒரு இரும்புப் பட்டை, முகம் திறந்தபடி. முகத்தில் அம்பும் வாளும் பட்டதால் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை மூடினார்கள். மூடி மூடிக் கடைசியில் தலை முழுவதையும் விழுங்கும் இரும்பு வாளி ஒன்று வந்தது. பார்ப்பதற்கு இரண்டு கீற்று, மூச்சுக்குச் சில துளைகள். துளைகள் பெரும்பாலும் வலது பக்கம்தான் இருக்கும்; எதிரியின் ஈட்டி இடது பக்கத்தில் வந்து குத்தும் என்பதால் அந்தப் பக்கத்தைப் பலவீனப்படுத்தமாட்டார்கள். வாளியைப் போட்டால் ஆளை ஆள் தெரியாது. அதனால் உச்சியில் பறவை, கொம்பு என்று ஏதாவது அடையாளம் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த வாளிதான் வேண்டும் என்று பிடித்த பிடியாக நின்றேன். இருந்ததிலேயே பயங்கரமானது அதுதான்.

அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, முந்தின வருடம்தான் ஊரிலிருந்து வந்து எங்கள் ஹோலில் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார். கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் செய்யும் தகரப் பட்டறை ஒன்றில் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். ஊரில் வாய் ஓயாமல் கதைக்கிற ஆள் என்று அம்மா சொன்னதை நான் நம்பவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தபோது அப்பா பிறம்ரன்வரை போய்வந்த வேலைக் களைப்பில் ஓம் ஓம் என்றார், அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நல்லது என்றார். மாமா மட்டும் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். மேல்பக்கம் தட்டையாக இருப்பது பிழை என்றார். தட்டைக் கூரையில் மழைத்தண்ணி நிற்பது மாதிரி அடியும் அதிலே நின்று தலைக்குள் இறங்குமாம். சரிவு வைத்தால் வழுக்கிப் போகுமாம். நான் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். சரியாக அதைத்தான் பிற்காலத்தில் செய்திருந்தார்கள். புத்தகம் எழுதியவர் படித்துக் கண்டதை என் மாமா பார்த்தே சொன்னார். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவரில் ஒரு பெருமை வந்துவிட்டது.

அட்டைப்பெட்டியை வெட்டி என் தலைக்கு அளவு எடுத்தார். சனிக்கிழமை பட்டறையில் முதலாளியைக் கேட்டு, கழித்துப் போட்ட தகரத் துண்டுகளில் வேலை செய்தார். விளிம்பெல்லாம் உள்ளே மடித்து அடித்து, என் கழுத்தில் கீறாதபடி தடவித் தடவிப் பார்த்தாராம். உள்ளுக்குப் பஞ்சு வைக்க அப்பாவின் பழைய குளிர்ச் சட்டையைக் கிழித்தார். சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு சாமான். பின்னேரம் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. பெரியப்பா குடும்பம் சாப்பிட வந்தது. பெரியப்பா ஊரில் பிரச்சினைகள் தொடங்குவதற்கு முன்னரே கனடாவுக்கு வந்துவிட்டவர், பகிடிக்காரர். எல்லோரும் சோபாவிலும் கதிரைகளிலும் வரிசையாக இருக்க, நான் கவசத்தைப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளிருந்து வெளியே வந்தேன். ஒரே சிரிப்பு. உள்ளுக்குள் காற்று வருகிறதா என்று கேட்டார்கள். நான் கத்தியது வெளியே கேட்கவில்லை. ஆகவே தலையை ஆட்டினேன். பாரமா? ஆட்டினேன். தலையை ஆட்டுவது நல்ல விளையாட்டாக இருந்தது. பெரியப்பா, அம்மா சுருட்டிப் பொரித்த இறைச்சி றோல்ஸ் தட்டைத் தூக்கிக் காட்டினார். கடைசி றோல்ஸைக் காணவில்லையாம், கள்ளன் இந்த வரிசையில்தான் இருக்கிறானாம், வீரன் வந்து கண்டுபிடித்துச் சொல்லட்டுமாம்.

நான் ஒவ்வொருவருக்கு முன்னாலும் போய் நின்றேன். அந்தக் கீற்றுக்குள்ளால் ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் தெரியும். பெரியம்மாவின் முகம். ஆட்டவில்லை. அப்பா. ஆட்டவில்லை. சோபாவின் கடைசியில் மாமா. கள்ளன் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும், அதைத் தின்றது நான்தான். இருந்தாலும் அவருக்கு முன்னால் நின்று, மெதுவாக, நல்ல வடிவாக, மூன்று தரம் தலையை ஆட்டினேன்.

மாமாவின் கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்த சத்தம் உள்ளுக்குள் பெரிதாகக் கேட்டது.

"கழட்டு," என்றார் மாமா. பிறகு, "உதைக் கழட்டடி."

அவர் என்னோடு அப்படிக் கதைத்ததே இல்லை. நான் கையை உயர்த்த முதலே அவரே பிடித்து இழுத்துக் கழற்றினார், என் காது உரசிக்கொண்டு வந்தது. கவசத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா குசினிக்குள் போனார், வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. பெரியப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா அவரின் காதுக்குள் ஏதோ சொல்ல, அவர் எழும்பிக் கோட்டை எடுத்தார். எல்லோரும் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்கள். வளர்ந்த ஒரு மனிதர் ஒரு றோல்ஸுக்காக இப்படிக் கோபிப்பாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. றோல்ஸைத் தின்றது நான்தான் என்று அம்மாவிடம் ஒத்துக்கொள்ளவும் செய்தேன். அம்மா என் காதுக்கு எண்ணெய் தடவிவிட்டார், திட்டவில்லை. அது இன்னும் விசித்திரமாக இருந்தது.

திங்கட்கிழமை மாமா கவசத்தையும் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார். புதன்கிழமை அது திரும்பி வந்தபோது அதற்கு முகம் இல்லை. கீற்று இருந்த முன்பக்கத்தை நெற்றியிலிருந்து தாடைவரை வெட்டி எடுத்துவிட்டிருந்தார். வெள்ளிக்கிழமை காட்சி. நான் நிலத்தில் விழுந்து கத்தினேன். என்னுடைய கவசத்தை நாசமாக்கிப்போட்டீர்கள், இனி நான் எப்படிப் பள்ளிக்கூடம் போவேன் என்று கேட்டேன். வகுப்பில் எல்லோரிடமும் வாளியைப் பற்றிப் புளுகி முடித்திருந்தேன். என் மானமே அந்த வாளியில்தான் இருந்தது. மாமா அம்மாவிடம் போய் நீத்துப்பெட்டியைக் கேட்டார்.

எங்கள் வீட்டு நீத்துப்பெட்டி ஓலையில் இழைத்தது அல்ல, அலுமினியம். பிட்டு அவிக்கிற கூம்பு, மேலெல்லாம் துளை. கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் சூட்கேசில் உடுப்புக்குள் சுற்றி வந்தது. பக்கத்து அப்பார்ட்மென்ற் அன்ரி இரவல் கேட்டாலும் அம்மா கொடுக்கமாட்டார்; இருக்கிற வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய் அவித்துக் கொடுத்துவிட்டு வருவார். அப்படிப்பட்ட அம்மா, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், கழுவித் துடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கனகாலம் பிட்டு இல்லை.

வியாழன் பின்னேரம் நான் மாமாவோடு கோபம் என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். அவர் கவசத்தை மேசையில் வைத்துவிட்டு விலகினார். கடைக்கண்ணால் பார்த்தேன். முன்பக்கத்தில் நீத்துப்பெட்டி மூக்காக நீட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்குப் புதுக் கீற்று வெட்டியிருந்தார். துளைகளெல்லாம் மூச்சுக்கு அளவாக இருந்தன. இரண்டு கன்னப்பொறியிலும் ஆணி இறுக்கி, ஒரு விரலால் தள்ளினால் முகத்தகடு முழுவதும் மேலே போய் நெற்றியில் நின்றது. நான் ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். அதேதான். வாளிக்கு நூறு வருடத்துக்குப் பிறகு வந்த கவசம், நாய் மூஞ்சி போல நீண்ட, தூக்கித் திறக்கிற முகம். ஐரோப்பாவின் கொல்லர்களுக்கு நூறு வருடம் எடுத்த வேலையை என் மாமா நாலு நாளில் முடித்திருந்தார். கோபத்தில் இருந்தபடியால் அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

காட்சிக்கு அவர் அரைநாள் லீவு போட்டார். என் பள்ளிக்கூடத்துக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தரம். நடந்து போகும்போது நான் ஆங்கிலத்தில் பாடமாக்கியதை முணுமுணுத்துக்கொண்டு போனேன். என்ன சொல்கிறாய் என்று கேட்டார். முகத்தகடு ஏன் திறக்கும்படி செய்தார்கள் என்றால் மூச்சு விட, சாப்பிட, வேர்வை துடைக்க என்று பெரிய மனுஷியாக மொழிபெயர்த்தேன்.

"அதுவும்தான் பிள்ளை," என்றார். "ஆனா உள்ளுக்கை நிக்கிறது ஆர் எண்டு தெரியவேணுமெல்லோ."

பாவம், புத்தகம் படிக்காத ஆள் என்று நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, அந்தப் புத்தகத்திலேயே ஒரு படம் இருந்தது. தலைவன் செத்துவிட்டான் என்று சேனைக்குள் கதை பரவ, ஓடப் பார்த்த தன் ஆட்களுக்கு அவன் குதிரையில் இருந்தபடி கவசத்தைத் தூக்கித் தன் முகத்தைக் காட்டுகிறான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

எங்கள் ஹோலில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் பெரிய மாமாவின் படம் இருந்தது. அவர் சின்ன மாமாவுக்கு அண்ணன். அந்தப் படத்துக்கு அம்மா மாலை போட்டதில்லை, பொட்டு வைத்ததில்லை, தூசி மட்டும் துடைப்பார். ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. இருபது வயது தாண்டிய பிறகு ஒரு நாள் அம்மா தானாகச் சொன்னார். ஊரில் ஒரு காலையில் ஆமி சுற்றி வளைத்து ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக இருத்தியது. அவர்களுக்கு முன்னால் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி. வரிசையில் ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடந்து போகவேண்டும். சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சின்ன மாமாவுக்கு ஆடவில்லை. அவருக்குப் பின்னால் வந்த அண்ணனுக்கு ஆடியது. ஆமி ஏற்றிக்கொண்டு போன அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. சாக்குக்குள் நின்றது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கலாம், கூடப் படித்தவனாக இருக்கலாம். அந்த யோசனையில்தான் மாமாவின் வாய் அடைத்துப் போனது என்றார் அம்மா.

அன்றைக்கு இரவு நான் மாமாவுக்குப் போன் எடுத்தேன். சும்மா எடுத்தேன் என்றேன். அவருக்கு இப்போது சொந்தத் தகரப் பட்டறை, மில்லிக்கனில் வீடு, நல்ல கதைகாரர். அந்தக் கவசமும் அங்கேதான், ரீவிக்கு மேலே தட்டில் இருக்கிறது. முகத்தகடு எப்போதும் மேலே தூக்கியபடி இருக்கும். பிள்ளைகள் யாராவது இறக்கிவிட்டால், கதைத்துக்கொண்டே எழும்பிப் போய்த் தூக்கிவிட்டு வருவார்.

ஜிம்மில் எனக்கு இதெல்லாம் தெரியாது. கவசத்தைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, பாதி வகுப்புக்குக் கேட்காத குரலில் முழுவதையும் ஒப்புவித்தேன். ரீச்சர் கையைக் காட்டினார். ஒரு விரலால் நீத்துப்பெட்டியை மேலே தள்ளினேன். ஜிம் முழுவதும் ஓ என்றது. வேர்த்து வழிந்த முகத்தோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிசையில் மாமா எழும்பி நின்று கை தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை, கண்ணீர் ஓட ஓடத் தட்டினார். தான் செய்த கவசத்தைப் பார்த்துத்தான் அவருக்கு இவ்வளவு பெருமை என்று நினைத்தேன். அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று, நான் முகத்தகட்டைத் திரும்ப மூடப் போனேன். மாமா கை தட்டுவதை நிறுத்தி, வேண்டாம் என்று கையை அசைத்தார்.